சிவப்புக் கோடு

மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைகளில் நெல் அவிக்க ஆவி தரும் பாய்லரின் நெற்றியில் வட்டமாக ஒரு அழுத்தமானி இருக்கும். அதன் முகப்பில் ஓரிடத்தில் சிவப்புக் கோடு போட்டிருப்பார்கள். முள் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டப் பார்த்தால் சேஃப்டி வால்வு திறந்து, காது கிழிய ஆவியை வெளியே தள்ளிவிடும். எந்த ஆலை முதலாளியும் பாய்லருக்குத் தைரியம் சொல்லி நான் பார்த்ததில்லை. இரும்புக்கு ஒரு எல்லை உண்டு என்பதில் இங்கே யாருக்கும் சந்தேகமில்லை. அதற்கென்று 1923-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆய்வாளர் வந்து பார்த்துச் சான்று கொடுக்காமல் பாய்லரை மூட்ட முடியாது.

மனிதருக்கும் அப்படியொரு கோடு உண்டு என்பதைத்தான் நாம் ஒப்புக்கொள்ள மறுக்கிறோம்.

2018 ஜூலை 12. கோவைக்கு மேற்கே நரசிபுரத்தில் ஒரு தனியார் கல்லூரி. பேரிடர் வந்தால் தப்பிப்பது எப்படி என்று மாணவர்களுக்குப் பயிற்சி. இரண்டாவது மாடியிலிருந்து குதிக்க வேண்டும். கீழே மாணவர்கள் வலையை விரித்துப் பிடித்திருக்கிறார்கள். பத்தொன்பது வயது மாணவி ஒருவர் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறார். அவர் தயங்குவதும், உடல் பின்னுக்கு இழுப்பதும் அன்று எடுக்கப்பட்ட காணொளியில் தெரிகிறது. பயிற்சியாளர் அவரைத் தள்ளிவிடுகிறார். முதல் மாடியின் சன்ஷேடில் அடிபட்டு அந்தப் பெண் இறந்துபோனார். அந்தப் பயிற்சியாளருக்கும் தங்களுக்கும் தொடர்பில்லை என்று தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் பிறகு சொன்னது. அவர் கைது செய்யப்பட்டார்.

தள்ளிய கை ஒன்றுதான். ஆனால் அந்த இடத்தில் எத்தனை பேர் நின்றிருந்தார்கள்! வலை எவ்வளவு எடையைத் தாங்கும், சன்ஷேட் எவ்வளவு தூரம் நீட்டிக்கொண்டிருக்கிறது, இந்த ஆளுக்கு யார் சான்று கொடுத்தது என்ற மூன்று கேள்விகளில் ஒன்றைக்கூட யாரும் உரக்கக் கேட்கவில்லை. மேலே உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணின் உடம்பு மட்டும் கேட்டது. அன்று அங்கே சரியாகச் சிந்தித்தது அந்தத் தயக்கம் ஒன்றுதான். அதற்குப் பயம் என்று பெயர் வைத்தோம். பயத்தைப் போக்குவதாகச் சொல்லி ஒரு உயிரைப் போக்கினோம்.

செய்தி வந்த மறுநாள் டீக்கடையில் ஒரு பெரியவர் சொன்னார்: "அந்தப் புள்ள விதி, அவ்வளவுதான்." தமிழில் இந்த ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள். தலையெழுத்தும் விதிதான், சட்டதிட்டமும் விதிதான். இரண்டாவது விதியைக் கைவிட்ட இடத்திலெல்லாம் முதல் விதியைக் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறோம். இதனால் யாருக்கு லாபம் என்று கேட்டுப் பாருங்கள். இறந்தவருக்கு இல்லை. பொறுப்பில் இருந்தவர்களுக்குத்தான்.

எனக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தவர் தாய்மாமா. வயல் கிணறு, எனக்கு ஒன்பது வயது. முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி, தண்ணீரைத் தொடும் கடைசிப் படியில் உட்காரவைத்தார். இரண்டு நாள் வெறும் காலை மட்டும் நனைத்துக்கொண்டிருந்தேன். "என்னைக்கு ஒனக்கா தோணுதோ அன்னைக்கு எறங்கு மாப்ள" என்றார். மூன்றாம் நாள் இறங்கினேன். பிறகு தண்ணீருக்கு மேல் முதல் படியிலிருந்து குதிப்பு, அடுத்த வாரம் மூன்றாவது படி. ஒவ்வொரு முறையும் குதிப்பதற்கு முன்னால், தண்ணீர் எந்தப் படிவரை நிற்கிறது என்று எண்ணச் சொல்வார். நேற்றைய தண்ணீர் இன்று இருக்காது, மோட்டார் ஓடியிருக்கும்.

அந்தச் சித்திரையில் ஊர்ப் பையன் ஒருவன் மோட்டார் கொட்டகைக் கூரையிலிருந்து என்னைத் தள்ளிவிட்டான். பயம் தெளியட்டும் என்றுதான் தள்ளினான். கெட்ட எண்ணம் இல்லை. தண்ணீர் வற்றிக் கிடந்தது. கீழே முழங்கால் கல்லில் இடித்து எலும்பு தெரிந்தது. அதன்பிறகு ஆறு ஆண்டுகள் நான் கிணற்றடிக்கே போகவில்லை. மாமா மூன்று வாரம் பாடுபட்டுக் கட்டியதை ஒரு கை ஒரு நொடியில் இடித்துவிட்டது. தள்ளிவிட்டால்தான் தைரியம் வரும் என்பவர்களை அன்றிலிருந்து நான் நம்புவதில்லை.

இனி, விமானத்திலிருந்து குதிப்பவர்களிடம் வருவோம். ஸ்கைடைவிங் என்றால் கண்ணை மூடிக்கொண்டு பாய்கிற வீரம் என்று சினிமா நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. உண்மை வேறு. அந்தப் பயிற்சியில் புதியவருக்கு முதலில் சொல்லித்தருவது எல்லாம் எண்கள்தான். அமெரிக்க பாராசூட் சங்கத்தின் விதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். தரையில் காற்று மணிக்கு 14 மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டரைத் தாண்டினால் மாணவர் குதிக்கக் கூடாது. தனியாகக் குதிக்கும் முதல் உரிமத்துக்கே குறைந்தது 25 குதிப்பு வேண்டும். தலைக்கவசத்தில் ஒரு சின்னக் கேமராவை மாட்டிக்கொள்ள வேண்டுமென்றால் 200 குதிப்பு முடித்திருக்க வேண்டும் என்று அறிவுறுத்துகிறார்கள். கேமரா எடை குறைவுதான். ஆனால் படமெடுக்கும் ஆசை வந்துவிட்டால் உயரமானியைப் பார்க்கும் பழக்கம் போய்விடும்.

இவற்றில் நான் மிகவும் மதிக்கும் எண் 2,500 அடி. முதன்மைப் பாராசூட் சிக்கிக்கொண்டால் மாணவர் அந்த உயரத்துக்குள் முடிவெடுத்து, அதைக் கழற்றிவிட்டு, மாற்றுப் பாராசூட்டை இழுத்தாக வேண்டும். இன்னும் கொஞ்சம் உதறிப் பார்க்கலாம், சரியாகிவிடும் என்ற நப்பாசைக்கு அதற்குக் கீழே இடமில்லை. பாராசூட் விரியாமல் விழும் உடல் மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் வரும். 2,500 அடி என்பது அந்த வேகத்தில் பதினான்கு விநாடி. அந்தப் பதினான்கு விநாடியில் மூளை கணக்குப் போடாது. அதனால்தான் முடிவைத் தரையிலேயே, பதற்றமில்லாத நேரத்தில், எடுத்துவைத்துக்கொண்டு மேலே போகிறார்கள்.

தமிழ்நாட்டிலும் இந்தப் பாடத்துக்கு ஒரு உயிர் விலையாகியிருக்கிறது. 2014-ல் சேலம் காமலாபுரம் விமான நிலையத்தில் நடந்த ஒரு பயிற்சி முகாமில், பெங்களூரிலிருந்து கணவரோடு வந்திருந்த இளம்பெண் ஒருவர் பாராசூட் சரியாக விரியாமல் விழுந்து இறந்தார். அவர் தைரியசாலி, சந்தேகமே இல்லை. நாம் கேட்க வேண்டியது அவருடைய தைரியத்தைப் பற்றியல்ல. அவருக்குக் கற்பித்தவர்கள் எத்தனை மணி நேரம் கற்பித்தார்கள், அவசரநிலையில் செய்ய வேண்டியதைத் தரையிலேயே அவரைத் தொங்கவிட்டு எத்தனை முறை பழக்கினார்கள், தானாகத் திறக்கும் கருவி முதுகில் இருந்ததா என்பதைப் பற்றித்தான்.

அந்தக் கருவியைப் பற்றி ஒரு சொல். அதன் இன்றைய வடிவம் ஜெர்மனியின் ஹெல்முட் குளோத் 1991-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. தரைக்கு 225 மீட்டர் உயரத்திலும் ஒருவர் விழும் வேகத்திலேயே வந்துகொண்டிருந்தால், அவர் மயங்கிக் கிடந்தாலும் சரி, திகைத்துப்போயிருந்தாலும் சரி, கருவியே மாற்றுப் பாராசூட்டைத் திறந்துவிடும். மனிதன் தவறுவான் என்பதை வெட்கப்படாமல் ஒப்புக்கொண்டவர்கள் செய்த கருவி அது. 1970களில் அமெரிக்காவில் இந்த விளையாட்டில் ஆண்டுக்கு நாற்பது பேருக்கு மேல் இறந்தார்கள். 2023-ல் சுமார் 36 லட்சம் குதிப்புகள். இறந்தவர்கள் 10 பேர். இடைப்பட்ட காலத்தில் வானம் கருணை காட்டத் தொடங்கவில்லை. ஒவ்வொரு சாவையும் ஏன் நடந்தது என்று துருவி எழுதி, எல்லோரும் படிக்க வெளியிட்டார்கள். தலையெழுத்து என்று ஒரே ஒரு அறிக்கையில் எழுதியிருந்தாலும் அந்த எண் இறங்கியிருக்காது.

ஆனால் அந்த அறிக்கைகளில் இன்னொரு செய்தியும் இருக்கிறது, அது பயந்தவர்களுக்கானது அல்ல. இப்போது இறப்பவர்களில் பலர் நூற்றுக்கணக்கில் குதித்துப் பழகியவர்கள். அவர்களுடைய பாராசூட் நன்றாகவே விரிந்திருக்கும். சிறிய, வேகமான பாராசூட்டில் தரைக்கு மிக அருகே திருப்பி, கணக்குத் தவறி மோதுகிறார்கள். பயம் போய்விட்டது, ஆபத்து போகவில்லை. மனம் பழகும் வேகத்தில் கை பழகுவதில்லை. மண்ணச்சநல்லூரிலும் இதைப் பார்க்கலாம்: ஆலையில் ஓடும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் வேட்டி நுனியோடு நிற்பவர் புதிதாக வந்தவராக இருக்க மாட்டார், இருபது வருட ஆளாகத்தான் இருப்பார்.

ஆகவே நான் சொல்ல வந்தது இது. ஒரு காரியத்தை மறுப்பதற்கு ஒருவருடைய மனம் போதும். செய்வதற்கு மனம் போதாது. எண் வேண்டும், சோதனை வேண்டும், சான்று வேண்டும். நம் ஊரில் இதைத் தலைகீழாக வைத்திருக்கிறோம். "எனக்குத் தைரியம் இருக்கு" என்றால் போதும், யாரும் சான்று கேட்பதில்லை. "எனக்குப் பயமா இருக்கு" என்றால் நூறு காரணம் கேட்கிறோம். அஞ்ச வேண்டியதற்கு அஞ்சுவதை வள்ளுவர் படைச்செருக்கு அதிகாரத்தில் வைத்துப் பழிக்கவில்லை, அறிவுடைமை அதிகாரத்தில் வைத்தார் என்பதைப் பள்ளியில் குறளை மனப்பாடம் செய்த யாரும் எண்ணிப் பார்க்கலாம்.

பக்தர்கள் கோபித்துக்கொண்டாலும் அடுத்ததைச் சொல்லியாக வேண்டும். 2023 ஜனவரியில் ராணிப்பேட்டை மாவட்டம் நெமிலி அருகே கீழ்வீதியில் கோயில் திருவிழாவின்போது, சாமிக்கு மாலை போட ஆட்கள் கிரேனில் தொங்கிக்கொண்டு வந்தார்கள். கிரேன் சாய்ந்தது, நான்கு பேர் இறந்தார்கள். கிரேன் சரக்குத் தூக்கச் செய்த இயந்திரம். அதற்கும் ஒரு சிவப்புக் கோடு உண்டு. பக்தி அந்தக் கோட்டை நகர்த்தாது. எங்கள் பக்கத்துச் சமயபுரத்துக்கு ஆண்டுதோறும் அலகு குத்தி, தீச்சட்டி ஏந்தி எத்தனையோ பேர் நடந்து வருகிறார்கள். வளர்ந்தவர் தன் உடம்பின்மேல் எடுத்துக்கொள்ளும் வேண்டுதல் அவருடைய உரிமை. நான் வாதாடுவேன், தடுக்க மாட்டேன். ஆனால் எந்த ஊரிலானாலும் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு தீக்குழியில் இறங்குகிறவரைத் தடுத்தே ஆக வேண்டும். அந்தக் குழந்தை வேண்டிக்கொள்ளவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் அதற்கு வாய் வரவில்லை. மாடி விளிம்பில் தள்ளிய கைக்கும் இந்தக் கைக்கும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை.

2024 அக்டோபர் 11, ஆயுத பூஜை. மாலையில் திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு. ஏறக்குறைய 140 உயிர்களோடு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வானத்திலேயே வட்டமடித்தது. ஆலைகளில் அன்று இயந்திரங்களுக்குச் சந்தனம் பூசி, வாசலில் பூசணிக்காய் உடைத்திருந்தோம். திருஷ்டி கழிக்க இப்படி நடுரோட்டிலும் உடைக்கும் காயில்தான் ஒவ்வோர் ஆண்டும் இருசக்கர வண்டிகள் சறுக்கி விழுகின்றன. மேலே விமானம் எரிபொருளைத் தீர்த்து எடையைக் குறைத்துக்கொண்டிருந்தது. கீழே ஆம்புலன்சுகளும் தீயணைப்பு வண்டிகளும் ஓடுபாதை ஓரத்தில் நின்றன. எட்டேகால் மணிவாக்கில் பத்திரமாக இறங்கியது. சாமி காப்பாற்றியது என்று பலர் சொன்னார்கள். ஒரு ஹைட்ராலிக் அமைப்பு கைவிட்டால் இன்னொன்று இருக்க வேண்டும் என்று பல ஆண்டுகளுக்கு முன்பே பயந்து வரைந்த பொறியாளர்களையும், எடை எவ்வளவு இருந்தால் இறக்கலாம் என்ற எண்ணுக்காகப் பொறுமையாகக் காத்திருந்த விமானிகளையும் நான் கும்பிடச் சொல்லவில்லை. அவர்கள் செய்ததை நாமும் செய்ய வேண்டும் என்கிறேன்.

உங்கள் மகளோ மகனோ நாளைக்கு ஏதாவது சாகச முகாமுக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்து நிற்கலாம். போகட்டும். தடுக்காதீர்கள். நடத்துகிறவரிடம் நீங்கள் ஒன்று கேளுங்கள்: கடைசி நிமிடத்தில் என் பிள்ளை வேண்டாமென்றால் என்ன செய்வீர்கள்? பிள்ளையிடமும் ஒன்று சொல்லி அனுப்புங்கள்: கட்டிய பணம் போனால் போகட்டும், கூட வந்தவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும், உனக்குத் தோன்றாவிட்டால் குதிக்காதே, திரும்பி வா, ஒரு கேள்வி கேட்க மாட்டோம்.

முறையான ஸ்கைடைவிங் பள்ளிகளில் கதவுவரை போய்விட்டுக் குதிக்காமல் திரும்புகிறவரை யாரும் இகழ்வதில்லை. விமானத்திலேயே கீழே வந்துவிடலாம். மாணவர் முதுகிலிருக்கும் தானியங்கிக் கருவி, விமானம் செங்குத்தாக வேகமாக இறங்கினால், விழும் உடல் என்று எண்ணி உள்ளேயே பாராசூட்டைத் திறந்துவிடக் கூடும். அதனால், குதிக்க மாட்டேன் என்ற ஒரு மாணவர் உள்ளே உட்கார்ந்திருந்தால், விமானி அவருக்காக விமானத்தை மெதுவாகவே இறக்குவார்.