புள்ளினத்துக்கு ஏது பாலாலயம்?

சாயரட்சை வேளையில் காஞ்சி ஏகாம்பரநாதர் கோயிலின் ராஜகோபுரத்தை நிமிர்ந்து பார்த்திருக்கிறீர்களா? 1509-ல் கிருஷ்ணதேவராயர் எழுப்பிய, சுமார் 190 அடி உயரக் கோபுரம். கீழே கருங்கல், மேலே செங்கல்லும் சுதையும். நிலைகளின் வாசல், சுதைச் சிற்பங்களின் இடுக்கு, கொடுங்கையின் நிழல்... நமக்கு அது கோபுர தரிசனம். புறாவுக்கும் கிளிக்கும் ஆந்தைக்கும் அதுவே வீடு!

கொடுங்கைக்குச் சிற்ப நூல்கள் வைத்த பெயர் 'கபோதம்'. வடமொழியில் கபோதம் என்றால் புறா! தமிழிலும் மாடத்தில் தங்குவதால்தானே அது மாடப்புறா? (தமிழ் படித்தவள், இப்படிச் சொற்களைக் கண்டால் நின்றுவிடுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.) காஞ்சியின் பழைய நெசவாளர் வீடுகளிலும் அப்படித்தான். திண்ணை வழிப்போக்கருக்கு, ஓட்டுச் சரிவின் இறவாரம் குருவிக்கு.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் செய்வது மரபு. திருப்பணி தொடங்கும் முன், மூலவரின் சக்தியைக் கலசத்தில் ஆவாஹனம் செய்து பாலாலயத்தில் எழுந்தருளச் செய்கிறோம். உளிச் சத்தமும் தூசும் சுவாமியைத் தீண்டிவிடக் கூடாதே என்ற பதைப்பு!

பிறகு சாரம் ஏறுகிறது. பொந்துகள் சிமென்ட்டால் அடைபடுகின்றன. நிலைகளில் வலை கட்டுகிறார்கள். உள்ளே கண் திறக்காத குஞ்சு இருக்கிறதா என்று எத்தனை பேர் எட்டிப் பார்க்கிறார்கள்? இரை தேடிப் போன தாய்க்கிளி திரும்பி வரும்போது, வாசல் இல்லை.

திருப்பணி செய்பவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. பறவை எச்சம் சுதையை அரிக்கும். எச்சத்தோடு விழுந்த அரச விதை விரிசலில் முளைத்தால், வேர் செங்கல்லையே பிளந்துவிடும். செடியை வேரோடு அகற்றத்தான் வேண்டும். விரிசலை அடைக்கத்தான் வேண்டும். ஆனால், விரிசல் வேறு, பொந்து வேறு அல்லவா? கிளி முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, அது பறந்து போக ஏறத்தாழ 10 வாரம். அதுவரை அந்த ஒரு பொந்தை விட்டுவைத்து மற்ற வேலையைப் பார்க்கலாம். சிற்பங்கள் இல்லாத பகுதியில் சில மாடங்களைத் திறந்தே வைக்கலாம்.

'ஒரு பறவைக்காகத் திருப்பணி காத்திருப்பதா?' என்பவர்கள், காஞ்சிக்கு அருகே, பாலுசெட்டி சத்திரத்தை ஒட்டியுள்ள திருப்புட்குழிக்கு ஒருமுறை போய் வாருங்கள். புள் என்றால் பறவை. சீதாதேவியைக் காக்கப் போராடி வீழ்ந்த ஜடாயுவுக்கு, பெற்ற தந்தைக்குச் செய்வதுபோல் ஸ்ரீராமபிரான் ஈமக்கடன் செய்த திவ்யதேசம் அது என்கிறது தலபுராணம். மனைவியைத் தேடிப் போகிற அவசரம் அவருக்கு! அந்த அவசரத்திலும் ஒரு பறவைக்காக நின்றார். அங்குள்ள திருக்குளத்துக்கு ஜடாயு தீர்த்தம் என்றே பெயர்.