வாசலுக்கு வரும் வைத்தியன்!

காலையில் வாசல் தெளித்து, கோலம் போட்டு நிமிரும்போது கிழக்கே பார்த்து ஒரு கும்பிடு போடுகிறீர்கள் அல்லவா? அதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். மற்ற தெய்வங்களைத் தேடி நாம் போக வேண்டும். நம் வாசல் தேடி தினமும் வருகிற பிரத்யட்ச தெய்வம் சூரிய பகவான் ஒருவர்தான்!

ஆனால், வருகிறவரை உள்ளே விடுகிறோமா? கிழக்கு ஜன்னலில் கனத்த திரை. ஈரத் துணி காய்வது ஹாலில், ஃபேனுக்குக் கீழே. முதலில் குழந்தைக்குச் சளி, பிறகு மாமியாருக்கு இருமல், கடைசியில் உங்களுக்கு ஜுரம் என்று ஒரு சுற்று வருகிறது. அப்போதுதான் ஆதவன் ஞாபகம் வருகிறது.

இப்படித்தான், 2021-ம் வருடம் கொரோனாவின் இரண்டாவது அலை வீசிய நேரம். எனக்குத் தெரிந்த ஒரு மாமியின் வீட்டில், மாமனாருக்கு ஜுரமும் இருமலும். 'வெயிலில் உட்கார்ந்தால் கிருமி செத்துவிடும்' என்று யாரோ செல்போனில் அனுப்பிய செய்தியை நம்பி, பெரியவரை மொட்டை மாடியில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். பக்கத்திலேயே அமர்ந்து ஆதித்ய ஹ்ருதயமும் பாராயணம் செய்தார். இப்படியே மூன்று நாட்கள். நாலாவது நாள் பெரியவருக்கு மூச்சு வாங்கியது. பக்கத்து வீட்டு நர்ஸ் பெண் விரலில் கருவியை மாட்டிப் பார்த்துப் பதறிப் போனாள். பிராண வாயு அந்த அளவுக்குக் குறைந்திருந்தது! ஆஸ்பத்திரியில் பல நாட்கள் போராடித்தான் பெரியவர் பிழைத்து வந்தார்.

பிறகு ஒருநாள் அந்த மாமி என்னிடம் கண் கலங்கக் கேட்டார்... "அத்தனை பக்தியோடு பாராயணம் பண்ணினேனே, சூரியன் ஏன் கைவிட்டார்?"

சகோதரிகளே, சூரியன் கைவிடவில்லை. அவர் செய்யும் வேலை எது, நாம் செய்ய வேண்டிய வேலை எது என்பதில்தான் குழப்பம்.

சூரிய ஒளிக்குக் கிருமியை அழிக்கும் சக்தி உண்டு என்பது உண்மை. வெயிலில் பாக்டீரியாக்கள் வளர முடியாமல் போவதை 1877-ம் வருடமே இங்கிலாந்தில் இரண்டு விஞ்ஞானிகள் கண்டு சொன்னார்கள். தோலைத் தாக்கும் ஒரு வகைக் காச நோய்க்கு ஒளியாலேயே சிகிச்சை அளித்த டென்மார்க் மருத்துவர் ஃபின்சென், 1903-ல் நோபல் பரிசு பெற்றார். 2020-ல் அமெரிக்க ஆய்வுக்கூடம் ஒன்றில், செயற்கை எச்சில் துளியில் கொரோனா வைரஸைக் கலந்து, கோடைக்கால வெயிலுக்கு நிகரான ஒளியைப் பாய்ச்சினார்கள். சுமார் 7 நிமிடங்களில் 90 சதவிகித வைரஸ் செயலற்றுப் போனது! கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்கள் செய்யும் வேலை இது.

ஆனால், இதெல்லாம் வெளியே நடப்பது. காற்றில் மிதக்கிற, பொருள்களில் படிந்த கிருமியைத்தான் வெயில் அழிக்கும். நம் தோலைத் தாண்டி நுரையீரலுக்குள் அந்தக் கதிர் நுழையாது. உடம்புக்குள் புகுந்துவிட்ட கிருமியை, மாடியில் உட்கார்ந்து காய்ச்சி எடுக்க முடியாது!

'வெயில் பட்டால் வைட்டமின் டி கிடைக்குமே' என்பீர்கள். கிடைக்கும். எலும்புக்கும் நோய் எதிர்ப்புக்கும் அது அவசியம். ஆனால், அது கிடைத்துவிட்டால் சளியும் கொரோனாவும் வராது என்று சொல்வதற்கில்லை. பிரிட்டனில் சுமார் 6,200 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2022-ல் வெளியானது. வைட்டமின் டி மாத்திரை தரப்பட்டவர்களுக்கும் சுவாசத் தொற்று குறையவில்லை என்றே அது சொன்னது.

அப்படியானால் பாராயணம் வீணா? இல்லவே இல்லை! ஆதித்ய ஹ்ருதயம் பிறந்த இடத்தை நினைத்துப் பாருங்கள். போர்க்களத்தில் களைத்து நின்ற ராமபிரானுக்கு அகத்தியர் அதை உபதேசித்தார். ராமன் ஜபித்தான், தெம்பு பெற்றான். பிறகு என்ன செய்தான்? 'சூரியன் பார்த்துக்கொள்வார்' என்று உட்கார்ந்துவிடவில்லை. வில்லைக் கையில் எடுத்தான்!

கும்பகோணம் பகுதியில், ஆடுதுறைக்கு அருகே உள்ள சூரியனார்கோவிலின் தல வரலாறு இன்னும் அழகு. காலவ முனிவருக்கு வரவிருந்த தொழுநோயை நவகிரகங்கள் தடுத்து வரம் தந்தனர். அதனால் பிரம்மாவின் சாபத்துக்கு ஆளாகி, அந்த நோய் அவர்களையே பற்றியது. ஆம்... சூரியனுக்கே நோய்! அவர்கள் என்ன செய்தார்கள்? வெள்ளெருக்கு வனத்துக்கு வந்து, திருமங்கலக்குடி பிராணநாதரை வணங்கி, எருக்கிலையில் தயிர் சாதம் வைத்து உண்டு, விரதம் இருந்து நோய் நீங்கப் பெற்றார்கள். ஆரோக்கியம் தருகிற சூரியனே பிரார்த்தனையோடு பத்தியமும் இருந்தார் என்றால், டாக்டரிடம் போக நாம் ஏன் தயங்க வேண்டும்?

இனி, வீட்டில் நாம் என்ன செய்யலாம்?

காலையில் திரையை விலக்கி, ஜன்னலைத் திறந்து வையுங்கள். அடைத்த அறையில்தான் இருமலும் சளியும் எளிதில் பரவும். கண்ணாடி மூடியிருந்தால் வெளிச்சம் வரும். வைட்டமின் டி தரும் கதிர் வராது. தலையணை, போர்வைகளை வடாம் காயவைப்பது போல அவ்வப்போது மாடி வெயிலில் போடுங்கள்.

உதய சூரியனை வணங்குவது மனதுக்கும் நல்லது. நேரத்துக்கு உறக்கம் வரவும் அந்த வெளிச்சம் உதவும். ஆனால், சாய்ந்து வரும் அந்த ஒளியில் புற ஊதாக் கதிர் குறைவு. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக விழும் நேரத்தில்தான் வைட்டமின் டி நன்றாகக் கிடைக்கும். அப்போது கை, கால்களில் கொஞ்ச நேரம் வெயில் பட்டால் போதும். தோல் எரியும் வரை நிற்காதீர்கள். எந்த நேரத்திலும் சூரியனை வெறும் கண்ணால் உற்றுப் பார்க்க வேண்டாம். கிருமி அழிக்கும் புற ஊதா விளக்கை உடம்பின் மீது காட்டவே கூடாது.

தை மாத ரத சப்தமியன்று ஏழு எருக்கிலைகளை வைத்து நீராடுவோம் அல்லவா? எருக்கம்பால் கண்ணில் படாமல் குழந்தைகளைக் குளிப்பாட்டுங்கள். சூரியனுக்குச் சர்க்கரைப் பொங்கல் படையுங்கள். ஆனால், வீட்டில் யாருக்காவது மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், ஜுரம் விடாமல் அடித்தால், அந்த நிமிடமே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். வழியெல்லாம் ஆதித்ய ஹ்ருதயம் சொல்லிக்கொண்டே போகலாமே!

அந்த மாமி இப்போதும் பாராயணத்தை விடவில்லை. ஒரே ஒரு மாற்றம்... அவர் வீட்டுப் பூஜை அலமாரியில் ஸ்லோகப் புத்தகத்துக்குப் பக்கத்தில், விரலில் மாட்டும் அந்தச் சின்னக் கருவியும் இருக்கிறது. அதற்கும் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு குங்குமப் பொட்டு!