மழை வேண்டும், நனைய வேண்டாம்

மழை பெய்ய வேண்டும் என்று ஆடியில் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டவரே, ஐப்பசியில் அது பெய்யும்போது மேலே ஒரு துளி படாமல் வீடு போய்ச் சேரப் பார்க்கிறார். சேலம், நாமக்கல் சமவெளியில் பைக்கில் வேலைக்குப் போய்வருகிறவர்களிடம் இந்த இரண்டு ஆசைகளும் சேர்ந்தே இருக்கின்றன. இவை ஒன்றோடொன்று மோதுகின்றனவா? நனையக் கூடாது என்று நினைப்பது மழையையே வேண்டாம் என்பதாகுமா? உடம்பு எதுவரை பொறுக்க வேண்டும், எதிலிருந்து அதைக் காக்க வேண்டும்? இவை சமயங்களுக்குப் பழகிய கேள்விகள். சமயங்களில் பல, மழையை முன்னிட்டே இந்தக் கேள்விகளுக்கு விடையும் சொல்லியிருக்கின்றன.

இந்தச் சமவெளிக்கு மழை எவ்வளவு தேவை என்பதிலிருந்து தொடங்கலாம். காவிரி மேற்கு ஓரமாகப் போகிறது. 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணை சேலம் மாவட்டத்தில் இருந்தாலும், அதன் நீரில் பெரும்பகுதி கீழே தஞ்சை வயல்களுக்கு இறங்கிவிடுகிறது. உள்நாட்டில் திருமணிமுத்தாறு, வசிட்ட நதி போன்றவை மழையை நம்பியவை. மற்றபடி ஏரி, கிணறு, போர்வெல். கடலையும் சோளமும் மரவள்ளியும் வானத்தைப் பார்த்தே விளைகின்றன. தென்மேற்குப் பருவத்திலும் மழை உண்டு, வடகிழக்குப் பருவத்திலும் உண்டு. பகலெல்லாம் காய்ந்த பிறகு சேர்வராயன் மலைமேலும் கொல்லிமலைமேலும் மேகம் திரண்டு, சாயங்காலம் இடியோடு கொட்டுவது வழக்கம். மில்லும் பட்டறையும் அலுவலகமும் விடுகிற நேரமும் அதுதான்.

ஒரே மழை எல்லாருக்கும் ஒன்றுபோல நல்லதாக அமைவதில்லை. ராசிபுரம், ஆத்தூர்ப் பக்கத்துச் சேகோ ஆலைகளில் மரவள்ளி மாவைக் களத்தில் பரப்பிக் காயவைப்பார்கள். தூறல் விழுந்ததும் ஆட்கள் ஓடி, மாவைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடுவார்கள். நனைந்தால் மாவு நிறம் மங்கிப் புளித்துவிடும். அடுத்த காட்டில் நிற்கும் மரவள்ளிச் செடிக்கோ அதே தூறல்தான் உயிர். செடி மழையால் வளர்ந்து, அதன் மாவு வெயிலால் காய்கிறது. கெடுப்பதும் கெட்டவரைத் தூக்கி நிறுத்துவதும் மழையே என்று திருக்குறள் தன் இரண்டாம் அதிகாரமான வான்சிறப்பில் சொல்வதன் பொருள் இந்தக் களத்தில் கண்கூடாகத் தெரியும். கடவுள் வாழ்த்துக்கு அடுத்த இடத்தை மழைக்குக் கொடுத்த நூல், அதன் கெடுதலையும் மறைக்கவில்லை.

பைக்கில் போகிறவர் நனைகிற விதத்துக்கு ஒரு கணக்கு உண்டு. பெரிய மழைத்துளி நொடிக்கு ஏறத்தாழ 9 மீட்டர் வேகத்தில் விழுகிறது. மணிக்கு 50 கிலோமீட்டரில் ஓடும் வண்டி நொடிக்கு 14 மீட்டர் கடக்கிறது. அதனால் நேராக விழும் மழைகூட ஓட்டுகிறவருக்கு எதிரிலிருந்து சாய்ந்து வந்து அறைகிறது. தலையைவிட நெஞ்சும் முழங்காலும்தான் அதிகம் நனைகின்றன. விரைவாகப் போனால் குறைவாக நனையலாம் என்ற நம்பிக்கை பாதிதான் உண்மை. மேலிருந்து விழும் நீர், மழையில் இருக்கும் நேரத்தைப் பொறுத்தது. முன்பக்கம் மோதும் நீரோ கடக்கும் தூரத்தைப் பொறுத்தது. மல்லூரிலிருந்து புதுச்சத்திரம் வரை வழியில் நிற்கும் மழையை மெதுவாகப் போனாலும் வேகமாகப் போனாலும் உடம்பால் கிழித்துக்கொண்டுதான் போக வேண்டும். வேகம் மிச்சப்படுத்துவது கொஞ்சம். ஈரச் சாலையில் பிரேக் பிடிக்காமல் போனால் அது பறிப்பது அதிகம்.

காப்பும் முழுமையானதல்ல. முன்பெல்லாம் சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு காட்டு வேலையை முடித்தார்கள். 1823-இல் சார்லஸ் மெக்கின்டாஷ் ரப்பர் பூசிய துணிக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். இன்றைய ரெயின்கோட்டின் வழி அங்கிருந்து வருகிறது. கையை நீட்டி ஹேண்டில்பாரைப் பிடித்திருப்பதால் எதிர்காற்று நீரைக் கோட்டின் கைக்குள் ஏற்றும். கழுத்து வழியே ஒரு கோடு இறங்கும். தொடைக்கும் டேங்குக்கும் நடுவே மடியில் குளம்போலத் தேங்கும் நீர், தையல் துளை வழியாகக் கசிந்து, சரியாக உட்காரும் இடத்தை நனைக்கும். எதுவும் நுழையாத கோட்டு என்றால் உள்ளே வியர்வை வெளியேற வழியில்லாமல் சட்டையே ஈரமாகிவிடும். எவ்வளவு முயன்றாலும் கொஞ்சம் நனையத்தான் வேண்டியிருக்கிறது. இனிக் கேள்வி, முயற்சி எந்த அளவுக்கு, பொறுமை எந்த அளவுக்கு என்பது.

பொறுமையின் பக்கம் வலுவான குரல்கள் உண்டு. குளிரும் வெயிலும் புலன்களைத் தொட்டு வந்து போகிறவை, நிலையில்லாதவை, ஆகவே தாங்கிக்கொள் என்று பகவத்கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் கண்ணன் அர்ச்சுனனுக்குச் சொல்கிறான். சமணம் இன்னும் கடுமையானது. துறவி அமைதியாகத் தாங்க வேண்டிய துன்பங்கள் 22 என்று தத்துவார்த்த சூத்திரம் பட்டியலிடுகிறது. பசி, தாகம், குளிர், வெப்பம், கொசுக்கடி, ஆடையின்மை எல்லாம் அதில் அடங்கும். கொங்கு நாட்டில் விஜயமங்கலம் போன்ற இடங்களில் சமணக் கோயில்கள் இருந்ததால், இந்தக் கொள்கை இப்பகுதிக்குப் புதியதும் அல்ல. திகம்பரத் துறவிக்கு ஆடையே கிடையாது. மழைக்கோட்டுக்குப் பேச்சே இல்லை.

ஆனால் அந்தச் சமணத் துறவிதான் மழைக்காலம் நான்கு மாதமும் ஊர் ஊராகப் போவதை நிறுத்திவிட்டு ஓரிடத்தில் தங்குகிறார். மழையில் முளைத்த புல், பூச்சி, புழு இவற்றைக் கால் நசுக்கிவிடக் கூடாது என்பதே காரணம். தன் உடம்பு நனைவதைப் பொருட்படுத்தாதவர், பிற உயிர் நசுங்குவதைப் பொருட்படுத்துகிறார். பௌத்தத்திலும் இதே விதி இதே காரணத்தால் வந்தது: மழையில் திரிந்து பயிரையும் சிற்றுயிரையும் மிதிக்கிறார்களே என்று ஊரார் குறைசொன்ன பிறகு, பிக்குகள் மழைக்காலத்தில் ஓரிடத்தில் தங்கும்படி புத்தர் விதித்தார் என்கிறது விநய பிடகம். இந்துத் துறவிகளின் சாதுர்மாஸ்ய விரதமும் இதைப் போன்றதே.

அதே விநய பிடகத்தில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. பெருமழை பெய்த ஒரு நாள், அதில் குளிக்கும்படி புத்தரே பிக்குகளிடம் சொல்கிறார். அவர்கள் ஆடையின்றி நின்று நனைகிறார்கள். உணவுக்கு அழைக்க வந்த பணிப்பெண் இவர்களை வேறு மதத்துத் துறவிகள் என்று எண்ணித் திரும்பிப் போகிறாள். அதை அறிந்த விசாகை என்ற செல்வச் சீமாட்டி, சங்கத்தாருக்கு வாழ்நாள் முழுதும் மழைக்காலத் துணி கொடுக்க வரம் கேட்டுப் பெறுகிறாள். மழையில் நனைவது தவறாகவும் இல்லை, மழைக்கென்று ஒரு துணி வைத்துக்கொள்வது துறவுக்குக் குறைவாகவும் இல்லை.

இந்த விதிகளை அப்படியே வேலைக்குப் போகிறவர்மேல் சுமத்த முடியாது. நான்கு மாதம் தங்குகிற துறவிக்கு வேறொருவர் சோறிடுகிறார். இளம்பிள்ளையில் தறி ஓட்டுகிறவர் ஒரு நாள் போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. துறவிக்குச் சோறிடும் வீடும் அவருடையதே. எனவே இல்லறத்தாருக்கு ஓரிடத்தில் தங்கிவிடுவதற்குப் பதில் உடம்பைக் காத்துக்கொள்வது கடமையாகிறது. மிகுதியாக உண்பவனுக்கும் அறவே உண்ணாதவனுக்கும் யோகம் கைகூடாது என்று கீதையின் ஆறாம் அத்தியாயம் நடுவழியைச் சொல்கிறது. உடம்பை இழுக்கென்று நினைத்திருந்து, அதற்குள் இறைவன் குடியிருப்பதைக் கண்ட பின் அதைப் பேணத் தொடங்கியதாகத் திருமூலர் சொல்கிறார். நனைந்த உடையோடு எட்டு மணி நேரம் நின்று காய்ச்சலை வாங்கிக்கொள்வதைத் தவம் என்று இந்த மரபு ஏற்காது.

மழையிலிருந்து உடம்பைக் காப்பதை இஸ்லாம் சட்டமாகவே வைத்திருக்கிறது. கடும் மழை இரவில், இருக்கும் இடத்திலேயே தொழுதுகொள்ளுங்கள் என்று பாங்கோடு அறிவிக்க நபிகள் நாயகம் சொல்லியிருப்பதாக ஹதீஸ் உண்டு. வழிபாட்டுக்கே மழை ஒரு சலுகை பெற்றுத்தருகிறது. இன்னொரு ஹதீஸ் இந்தக் கேள்வியின் நடுப்புள்ளியைத் தொடுகிறது. வெள்ளிக்கிழமை உரையின்போது ஒருவர் எழுந்து, கால்நடைகள் மாள்கின்றன, மழைக்கு வேண்டுங்கள் என்கிறார். நபிகள் கையேந்துகிறார், அடுத்த வெள்ளி வரை ஓயாமல் பெய்கிறது. இப்போது வீடுகள் இடிகின்றன என்று முறையீடு வருகிறது. எங்களைச் சுற்றிப் பெய்யட்டும், எங்கள் மேல் வேண்டாம், குன்றுகளிலும் ஓடைகளிலும் மரங்களின் வேரிலும் பெய்யட்டும் என்ற பொருளில் அவர் மீண்டும் வேண்டுகிறார். மழையை நிறுத்து என்று கேட்கவில்லை. அது விழும் இடத்தை மாற்றித்தரக் கேட்கிறார். மலைகள் சூழ்ந்த சேலத்துக்கு நன்றாகப் பொருந்தும் வேண்டுதல் இது.

வைணவத்தில் இதே இரட்டை விருப்பம் ஒரே நூலில் இருக்கிறது. ஆண்டாளின் திருப்பாவை தொடக்கத்திலேயே மழையைக் கூப்பிட்டு, நாட்டுக்குத் தீங்கில்லாமல் பெய்யும்படி கேட்கிறது. அதே நூல் பின்னொரு பாசுரத்தில், கோவர்த்தன மலையைக் குடையாகப் பிடித்து ஆயரையும் பசுக்களையும் பெருமழையிலிருந்து காத்தவனைப் போற்றுகிறது. மழை தருபவனும் குடை பிடிப்பவனும் ஒருவனே என்றால், மழையைக் கேட்பதற்கும் நனையாமல் காக்கக் கேட்பதற்கும் முரண் இல்லை. தீங்கு என்பது மழையில் இல்லை, அது அளவு மீறுவதிலும் காப்பில்லாதவர்மேல் விழுவதிலும் இருக்கிறது.

நாமக்கல்லில் இதற்கு ஒரு மறுதலை நிற்கிறது. மலையின் மேற்குப் பக்கக் குடைவரையில், அதியர் குலத்தார் கி.பி. 8-ஆம் நூற்றாண்டில் குடைந்ததாகக் கருதப்படும் கோயிலில், நரசிம்மர் பாறைக்குள் இருக்கிறார். அவரைப் பார்த்தபடி 18 அடி உயர ஆஞ்சநேயர் எதிரே நிற்கிறார். அவருடைய கருவறைக்கு மேலே கூரை இல்லை. வெயிலும் மழையும் நேரே அவர்மேல் படும். நேபாளத்துக் கண்டகி ஆற்றிலிருந்து அவர் கொண்டுவந்த, திருமால் வடிவான சாளக்கிராமக் கல்லே இந்த மலையாக வளர்ந்தது என்பது தலபுராணம். பெருமாளாகிய மலை வானத்தின் கீழ் நிற்கும்போது அடியாருக்குக் கூரை எதற்கு என்பது பக்தர்கள் சொல்லும் காரணம். ஆனால் தரிசிக்க வருகிறவர் நிற்கும் முன்மண்டபத்துக்குக் கூரை உண்டு. நனைவது சாமி தானே ஏற்ற விரதம். அதை வந்தவர்மேல் அவர் ஏற்றவில்லை. துன்பம் தாங்குவதன் அழகு, தாங்குகிறவர் தானே விரும்பி ஏற்பதில் இருக்கிறது. அடுத்தவரைத் தாங்கவைப்பது தவம் ஆகாது. தனக்கு வந்த நோயைப் பொறுப்பதும் பிற உயிருக்குத் தீங்கு செய்யாததும் சேர்ந்ததே தவத்தின் உரு என்று திருக்குறள் இரண்டையும் ஒன்றாக வைப்பது இதனால்தான்.

இந்த அளவுகோலைச் சாலையில் வைத்துப் பார்த்தால் சரி எது, தவறு எது என்பது தெளிவாகிறது. மழை தொடங்கியதும் சேலம்–நாமக்கல் நெடுஞ்சாலையின் பாலத்தடியிலும், 2020-இல் திறந்த ஐந்து ரோடு ஈரடுக்கு மேம்பாலத்தின் கீழும் வண்டிகள் ஒதுங்கும். ஓரமாக ஒதுங்குவதில் பிழை இல்லை. ஆனால் ஒருவர் பக்கத்தில் ஒருவராக வண்டியை நிறுத்திச் சாலையில் பாதியை அடைத்தால், பின்னால் மழைத் திரையில் வருகிற லாரிக்காரருக்கு நிற்பவர்கள் கண்ணில் படமாட்டார்கள். தேங்கிய நீரில் வேகமாகப் போனால் ஓட்டுகிறவரின் கோட்டு நனையாது. ஓரத்தில் பஸ்ஸுக்கு நிற்கும் அம்மாவின் சேலை நனையும். பின்சீட்டில் உட்கார்ந்தவர் குடை பிடித்தால், காற்று குடையைத் திருப்பும்போது தடுமாறுவது வண்டி முழுவதும். இவற்றில் எல்லாம் ஒருவரின் உலர்ந்த சட்டைக்கு வேறொருவர் விலை கொடுக்கிறார்.

மாறாக, காப்பைப் பகிர்வதைத் தமிழ் மரபு வள்ளல்தன்மையின் உச்சியில் வைத்திருக்கிறது. கொல்லிமலை ஆண்ட ஓரி இடம்பெற்ற கடையெழு வள்ளல் பட்டியலில்தான், மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனும் இருக்கிறான். மயில் அதைப் போர்த்திக்கொள்ளுமா என்று அவன் யோசிக்கவில்லை. குளிரும் என்று தோன்றியது, கொடுத்தான். ஒரே கோட்டு இருக்கும் வண்டியில் அதைப் பின்னால் இருக்கும் பிள்ளைக்குப் போட்டுவிட்டுத் தான் நனைந்து ஓட்டுகிறவரிடம் இருப்பதும் அதே குணம்.

இவற்றைத் தொகுத்தால் ஒரு வரிசை கிடைக்கிறது. மழையைப் பழிக்காதிருப்பது முதலாவது; அது கைம்மாறு கேட்காமல் நல்லவருக்கும் அல்லாதவருக்கும் பெய்வது என்பதைத் திருக்குறளின் ஒப்புரவும் இயேசுவின் மலைப்பொழிவும் ஒருசேர நினைவூட்டுகின்றன. உழைப்புக்குக் கருவியான உடம்பை இயன்றவரை காப்பது இரண்டாவது. காத்தும் நனைகிற அளவைச் சலிக்காமல் பொறுப்பது மூன்றாவது. நான்காவது, மற்ற மூன்றுக்கும் எல்லை: தான் உலர்ந்திருப்பதற்காக அடுத்தவரை நனைக்கவோ ஆபத்தில் தள்ளவோ கூடாது. மழையைக் கேட்பதும் நனையாமல் போக நினைப்பதும் இந்த எல்லைக்குள் இருக்கும்வரை இரண்டும் நியாயமான விருப்பங்களே. எல்லை மீறினால் கெடுவது இரண்டாவது விருப்பம்தான்; அங்கே நனைவதே அறம்.