கிளியும் கிருகஸ்த தர்மமும்

வீட்டில் பல்லாண்டு வளர்ந்த கிளியை இனி வைத்துக்கொள்ள இயலாதென்ற நிலை வரும்போது, கூண்டின் கதவைத் திறந்து, எங்காவது போய்ப் பிழைத்துக்கொள் என்று விட்டுவிடுவது புண்ணியமாகுமா? பெரும்பாலோர் ஆகும் என்றே சொல்லுவார்கள். பந்தத்தில் கிடந்த ஒரு ஜீவனை விடுவிப்பதைக் காட்டிலும் மேலான கைங்கரியம் உண்டோ என்று சற்று வேதாந்தமும் பேசுவார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை.

கண் திறக்கும் முன்பே மரப்பொந்திலிருந்து எடுக்கப்பட்டு, மனிதர் ஊட்டியதை உண்டு, சிறகு கத்தரிக்கப்பட்டுக் கம்பிகளுக்கிடையே வளர்ந்த பறவைக்கு, எந்த மரம் எப்போது பழுக்கும் என்று காட்டித் தரத் தாய்ப்பறவை இருந்ததில்லை. பருந்தின் நிழல் இன்னதென்றும் தெரியாது. திறந்த கதவின் வழியே வெளிவந்த அது, நாலு முழம் தத்திப் பறந்து, அடுத்த வீட்டு மொட்டைமாடிச் சுவரில் உட்கார்ந்து, காக்கைகள் சுற்றிலும் கூடக் கூட, தான் கற்ற ஒரே பேச்சாகிய 'அக்கா, அக்கா' என்பதையே கூவிக்கொண்டிருக்கும். இதை விடுதலை என்பது, நீந்தத் தெரியாதவனை நடு ஆற்றில் இறக்கிவிட்டுக் கரை சேர்த்தேன் என்பதற்கு ஒப்பாகும்.

மகாபாரதத்து அநுசாஸன பர்வத்தில், கருணையின் இலக்கணத்தைக் கேட்ட தருமபுத்திரருக்குப் பீஷ்மர் ஒரு கிளியின் கதையையே விடையாகச் சொல்லுகிறார். காசி நாட்டு வேடன் ஒருவன் மானுக்கு எய்த நச்சம்பு குறி தவறிப் பெருமரம் ஒன்றில் தைக்க, மரம் பட்டுப்போகிறது. அதன் பொந்தில் பிறந்து வளர்ந்த கிளியோ, இலையும் கனியும் உதிர்ந்த பின்னும் அதைவிட்டு நீங்காமல் தானும் உடன் வாடுகிறது. அந்தணர் வேடத்தில் வந்த இந்திரன், காட்டில் வேறு மரமா இல்லை என்று கேட்கிறான். தன்னைக் காத்து வளர்த்ததை, அது வாழ்விழந்த காலத்தில் துறப்பதெங்ஙனம் என்கிறது கிளி. மகிழ்ந்த இந்திரன் வரம் கேள் என்றபோது, தனக்கென்று ஒன்றும் கேளாமல், அம்மரம் மீண்டும் தழைக்க வேண்டுமென்று மட்டுமே வேண்டுகிறது.

இக்கதையைக் கொண்டு, வளர்த்தவன் எந்நிலையிலும் கிளியைப் பிரியலாகாது என்று நான் வாதிக்க வரவில்லை. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளியும் பஞ்சவர்ணக்கிளியும் 40, 50 ஆண்டுகள் வாழக்கூடியவை; ஓய்வு பெற்ற பின் ஒருவர் வாங்கிய குஞ்சு அவரைவிட நெடுநாள் இருக்க, பிள்ளைகளோ கடல் கடந்த ஊர்களில் குடியிருப்பார்கள். அப்போது வேறு இல்லம் தேடுவது தவறன்று, தேடாதிருப்பதே தவறு. ஆனால், கேட்ட வரம் யாருடைய நன்மைக்கு என்பதே அக்கதையில் உரைகல்லாக நிற்பதால், பிரிகிறவன் தன் பாரம் நீங்குவதை வேண்டுகிறானா, பறவையின் க்ஷேமத்தை வேண்டுகிறானா என்று தன்னைத் தானே கேட்டுக்கொள்ளக் கடமைப்பட்டவன். அவன் செய்வது தானமுமன்று. தானே பறித்து, தன்னையன்றிக் கதியில்லாததாக்கிய உயிருக்குப் பட்ட கடனைத் தீர்ப்பதுதான். கடன் தீர்ப்பவனுக்குப் புண்ணியக் கணக்கு ஏது?

மதுரையில் அம்மன் சந்நிதிக்கு முன்னுள்ள கிளிக்கூட்டு மண்டபத்தில், அன்னையின் திருநாமம் சொல்லப் பழக்கிய கிளிகளை ஒருகாலத்தில் கூண்டுகளில் வைத்திருந்தார்கள். இன்று அங்கே பெயர் மட்டும் இருக்கிறது, கிளிகள் இல்லை. அம்மன் திருக்கரத்துக் கிளி கூண்டின்றியே வீற்றிருப்பதால் கூண்டுக் கிளிகள் போனதில் பக்திக்குக் குறைவொன்றும் வந்துவிடவில்லை.

நம் நாட்டுப் பச்சைக்கிளியை வீட்டில் வைத்திருப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆகையால் அதை அண்டை அயலாருக்குக் கொடுக்கவும் வேண்டாம், வானில் விடவும் வேண்டாம், வனத்துறையினரிடம் ஒப்படையுங்கள். அயல்நாட்டுக் கிளியாயின், கேட்டவுடன் கொடுத்துவிடாமல், வாங்க வருகிறவரின் வீட்டைப் போய்ப் பாருங்கள்; பகலில் அங்கே ஆள் இருப்பார்களா என்று விசாரியுங்கள், ஏனெனில் தனிமையில் விடப்பட்ட கிளி தன் மார்பிறகைத் தானே பிடுங்கிக்கொள்ளும். உண்ணும் பழம், உறங்கும் நேரம் ஆகியவற்றோடு, அதற்குத் தெரிந்த சொற்களையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்; புது வீட்டில் அது கூப்பிடும்போது மறுமொழி சொல்ல அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.