எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வையுங்கள்

கள்ளக்குறிச்சிப் பக்கம் நைனார்பாளையத்தில் காலை ஏழு மணிக்கு எந்தத் தெருவில் நடந்தாலும் ஒரு காட்சி தவறாது. திண்ணையில் ஒரு பெண் பிள்ளை, அதன் முதுகுக்குப் பின்னால் அம்மாவோ ஆயாவோ, பக்கத்தில் தேங்காய் எண்ணெய்க் கிண்ணம். உச்சியில் ஊற்றி அரக்கித் தேய்த்து, இரண்டு சடை பின்னி, மடித்து ரிப்பன் கட்டிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவார்கள். அந்தக் கையில் இருக்கும் பாசத்தைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. ஆனால் அந்தப் பிள்ளையின் தலை ஏற்கெனவே பிசுபிசுவென்று இருக்கிறது, தோளில் செதில் உதிர்கிறது என்றால், அம்மாக்களே, ஆயாக்களே, அந்தக் கிண்ணத்தை இன்றே எடுத்து வையுங்கள். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள்.

என் அக்கா மகளுக்குப் பதின்மூன்று வயதில் இது வந்தது. தலை குளித்த மறுநாளே முடி ஒட்டிக்கொள்ளும், நெற்றி மினுமினுக்கும். வகுப்பில் பக்கத்துப் பிள்ளை தள்ளி உட்கார்ந்தது. ஒரு நாள் ஆசிரியர் ஒருவர் எல்லார் முன்னாலும், “நீ குளிக்கவே மாட்டியா?” என்று கேட்டுவிட்டார். வீட்டுக்கு வந்து அழுதபோது நாங்கள் என்ன செய்தோம்? “தலை காஞ்சு கெடக்கு, அதான் பொடுகு” என்று இன்னும் ஒரு கரண்டி எண்ணெய் ஊற்றினோம். அந்தப் பேச்சில் நானும் இருந்தேன். இன்று நினைத்தாலும் மனம் கூசுகிறது.

நாங்கள் செய்தது பொடுகுக்குத் தீனி போடுகிற வேலை. மண்டைத் தோலில் ஒவ்வொரு முடியின் வேரோடும் ஒரு எண்ணெய்ச் சுரப்பி ஒட்டியிருக்கிறது. வயதுக்கு வரும் பருவத்தில் ஹார்மோன் ஏறும்போது அது அதிகமாகச் சுரக்கும். அழுக்குப் பழக்கத்தால் வருவது அல்ல அது. மீசை அரும்புவது போல, உடல் வளருவது போல இயல்பான ஒன்று. எல்லார் தலையிலும் மலசீசியா என்று ஒரு நுண்ணிய பூஞ்சை குடியிருக்கிறது. எண்ணெய்தான் அதற்குச் சோறு. தின்றுவிட்டு அது விடும் அமிலம் சிலர் தோலுக்கு ஒத்துக்கொள்ளாது. அரிக்கும், தோல் உரியும். அந்த உரிதலைத்தான் நாம் பொடுகு என்கிறோம். காய்ந்த தலை என்று எண்ணி எண்ணெய் ஊற்ற ஊற்ற, பூஞ்சைக்குப் பந்தி விரிகிறது. மக்காச்சோளம் அடிக்கிற மாதங்களில் அந்தப் பிசுக்கின்மேல் தூசியும் வந்து படியும்.

“எங்க காலத்துல எண்ணெ வச்சுத்தானே முடி முழங்கால் வரைக்கும் வளர்ந்துச்சு?” என்று ஆயா கேட்பார். நியாயமான கேள்விதான். ஆனால் ஆயா, உங்கள் காலத்து வழக்கத்தை முழுதாகச் சொல்லுங்கள். பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி. ஆண்களுக்குப் புதன், சனி. எண்ணெய் தேய்த்துக் கொஞ்ச நேரம் ஊறி, அன்றைக்கே அரப்போ சீயக்காயோ போட்டுப் பிசுக்கு போக அலசிவிட்டுத்தான் எழுந்தீர்கள். எண்ணெய்க்குப் பின்னால் முழுக்கு இருந்தது. நாம் முழுக்கை விட்டுவிட்டு எண்ணெயை மட்டும் பிடித்துக்கொண்டோம். திங்கள் வைத்த எண்ணெய் மேல் செவ்வாய், அதன் மேல் புதன் என்று ஞாயிறு வரை ஏறிக்கொண்டே போகிறது. தேங்காய் எண்ணெய் முடியின் தண்டுக்கு நல்லதுதான், முடி உடையாமல் காக்கும். அதற்கு நுனியில் நாலு சொட்டு போதும். பிசுக்குத் தலைக்காரர்களுக்கு மண்டையில் அது வேண்டாம்.

கழுவுவதற்கு எது வேண்டும் என்று தொலைவில் தேட வேண்டியதில்லை. கல்வராயன் மலையிலிருந்து கடுக்காயும் புளியும் தேனும் இறங்குவது போலவே சீயக்காயும் இறங்குகிறது. அதில் இருக்கும் சப்போனின் என்ற நுரைப்பொருள் பிசுக்கை மெல்ல எடுக்கும். போர்வெல் தண்ணீர் உப்பாக இருக்கிற வீடுகளில் குளியல் சோப்பைத் தலைக்குப் போட்டால் சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து வெள்ளைப் படிவாக முடியில் ஒட்டிக்கொள்ளும். சீயக்காயில் அந்தத் தொல்லை கிடையாது. பொடியைச் சலித்து, வடிகஞ்சியில் கரைத்துத் தேய்த்து, துகள் தங்காமல் அலச வேண்டும்.

அதற்குப் பொழுதில்லை என்றால் ஷாம்பு போடுங்கள், குற்றமில்லை. ஒரு பாக்கெட் ஷாம்பு கூலிக்காரர் வீட்டுக்கும் எட்ட வேண்டும் என்று 1970களில் முனைந்தவர் கடலூர் சின்னி கிருஷ்ணன். அவர் மகன் ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாய் முதலில் சிக் ஷாம்பு தொடங்கினார். கள்ளக்குறிச்சியும் கடலூரும் ஒரே தென்னார்க்காடு மாவட்டமாக இருந்த காலம் அது. நம் பக்கத்து மண்ணில் பிறந்த வசதி அது. அதைத் தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் மட்டும் ஒதுக்கி வைப்பானேன்?

அடிக்கடி தலை குளித்தால் எண்ணெய் இன்னும் கூடும், முடி கொட்டும் என்ற பயத்தை விட்டுவிடுங்கள். சுரப்பியை ஆட்டுவது ஹார்மோன், தண்ணீர் அல்ல. நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது எல்லாருக்கும் உண்டு. இரண்டு நாள் சேர்ந்தது குளிக்கும்போது ஒன்றாகக் கையில் வருகிறது, அவ்வளவே. பிசுக்குத் தலைக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளியல் வேண்டும். வெயில் காலத்தில் தினமும் குளித்தாலும் தப்பில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் முடியை நன்றாக நனைத்து, விரல் நுனியின் சதையால் மண்டையில் தேயுங்கள். நகத்தால் சுரண்டாதீர்கள். ஒரு முறை அலசி, மறுபடி போட்டுத் தேயுங்கள். ஈரம் உலராமல் சடை பின்னாதீர்கள். சீப்பு ஆளுக்கொன்று இருக்கட்டும். தலையணை உறையை வாரம் ஒரு முறையாவது துவையுங்கள்.

எலுமிச்சையைத் தேய்த்துவிட்டு வெயிலில் நிற்க வைக்கிறார்கள், தோல் வெந்துபோகும். துணி சோப்புத் தூளும் பாத்திரம் துலக்குவதும் தலைக்கு ஆகாது. இன்னொன்றைக் காலில் விழுந்து கேட்கிறேன். பேனுக்கென்று மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள். அடுப்படியில் ஒரு பொறி போதும். பேனுக்கு மருந்துக் கடையில் தனி லோஷன் இருக்கிறது, ஈர்கொல்லி இருக்கிறது.

ஆசிரியர்களே, எண்ணெய் வைக்காத தலையைக் கண்டால் திட்டுவதையும் எண்ணெய் வழியும் தலையைக் கண்டால் சிரிப்பதையும் ஒன்றாக நிறுத்துங்கள். சீவி முடிந்திருக்கிறதா என்று பாருங்கள், போதும். சொல்ல வேண்டியது இருந்தால் பிள்ளையைத் தனியே கூப்பிட்டுச் சொல்லுங்கள். அண்ணன் தம்பிகளே, வீட்டில் “எண்ணெ மூஞ்சி” என்று பட்டப்பெயர் வைக்காதீர்கள். அந்த வயதில் விழுந்த சொல் ஆறுவதற்கு எத்தனையோ வருஷம் ஆகிறது.

ஒரு மாதம் ஒழுங்காகக் கழுவியும் பொடுகு அடங்கவில்லை என்றால் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். 2022 ஜனவரி முதல் கள்ளக்குறிச்சியிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கீட்டோகோனசோல் ஷாம்பு எழுதித் தந்தால், போட்டவுடன் கழுவிவிடாமல் ஐந்து நிமிடம் ஊறவிட்டு அலசுங்கள். சிறு பிள்ளையின் தலையில் வட்டமாக முடி கொட்டினால் அது படையாக இருக்கலாம், அதற்கு மாத்திரை வேண்டும். பெண்ணுக்குத் தலைப் பிசுக்கோடு மாதவிலக்குத் தள்ளிப் போகிறது, தாடையில் முடி வளர்கிறது என்றால் சினைப்பையையும் பார்க்கச் சொல்ல வேண்டும். அதைக் கூச்சப்பட்டு மறைக்காதீர்கள்.

என் அக்கா மகள் இப்போது ஒரு நாள் விட்டு ஒரு நாள் தலை குளிக்கிறாள். அவளுக்கு வெந்நீர் போட்டு வைப்பது அவளுடைய ஆயாதான்.