ஆம்பூரில் அறுந்த செயின்

ஓம் சரவணபவ! 

போன ஆடிக் கிருத்திகைக்கு ஓசூர்ல இருந்து வள்ளிமலைக்கு பைக்ல கிளம்பினேன். கழுத்துல மாலை, செருப்பு கிடையாது, ஒரு வேளைச் சாப்பாடு. ராத்திரியே போய்ச் சேர்ந்துட்டா விடியற்காலை மலை ஏறிடலாம்னு கணக்கு.

வாணியம்பாடி தாண்டி ஆம்பூரை நெருங்கும்போது "டக்"னு ஒரு சத்தம். செயின் அறுந்துபோச்சு. மணி பத்தரை. வீட்டை விட்டு நூறு கிலோமீட்டருக்கு மேல வந்தாச்சு, போன்ல சார்ஜ் நாலு பர்சன்ட். பக்கத்துல சர்ர்னு போற லாரிங்க, காத்துல தோல் ஷாப்பு வாடை. வெறுங்காலோட வண்டியைத் தள்ளிக்கிட்டே, "உன்னைப் பார்க்கத்தானே வர்றேன், இப்படிப் பண்ணிட்டியே முருகா"ன்னு கோபமா கேட்டேன்.

கொஞ்ச நேரத்துல டிவிஎஸ் ஐம்பதுல ஒருத்தர் வந்து நின்னார். ஐம்பது வயசு இருக்கும். "என்ன சாமி, செயினா? ஏறி உக்காருங்க, நியூட்ரல்ல போட்டுட்டு ஹேண்டிலை மட்டும் புடிங்க"ன்னார். தன் வண்டியை ஓட்டிக்கிட்டே, ஒரு காலை என் ஃபுட்ரெஸ்ட்ல வச்சு, லாரிக்காரங்களுக்காக ராத்திரி முழுக்கத் திறந்திருக்கிற பங்க்சர் கடை வரைக்கும் தள்ளிட்டே வந்தார். கடைக்காரர்கிட்ட செயின் லாக் இல்ல. இவரே எங்கேயோ போய் ஒரு கதவைத் தட்டி வாங்கிட்டு வந்தார். காசு கொடுத்தேன், செயின் லாக்குக்கு மட்டும் எடுத்துக்கிட்டார்.

அப்புறம்தான் நான் இந்தப் பதிவை எழுதக் காரணமான விஷயம் நடந்தது. அவர் பையில இருந்து தண்ணி பாட்டிலை எடுத்து நீட்டினார். அந்தக் கையைப் பார்த்தேன். நகக்கண்ல எல்லாம் நீலம். குரோம் போட்டுப் பதப்படுத்துற ஈரத்தோலோட நிறம் அது. தோல் ஷாப்புல தொட்டியில இறங்கி வேலை செய்றவர்.

எனக்குத் தொண்டை வறண்டு கிடக்கு. ஆனா கை நீளல. "விரதம்ண்ணா..."ன்னு இழுத்தேன். தண்ணிக்கு என்ன விரதம்? அவருக்குப் புரிஞ்சுபோச்சு. சிரிச்சுக்கிட்டே, "பரவால்ல சாமி, கடையில பாட்டில் வாங்கிக்கோங்க"ன்னு சொல்லிட்டுக் கிளம்பிட்டார். பேர் கூட நான் கேட்கல.

வேலூர், காட்பாடி தாண்டி வள்ளிமலை போற வரைக்கும் அந்தச் சிரிப்பு கூடவே வந்தது.

விடியற்காலை படி ஏறும்போது யோசிச்சேன். இது எந்த மலை? வேடர் தலைவன் நம்பிராஜன் வளர்த்த பொண்ணு தினைப்புனம் காத்த மலை. கச்சியப்பர் கந்தபுராணத்தோட கடைசியில பாடின வள்ளி திருமணம் நடந்த இடம். நம்ம ஆளு இங்க எப்படி வந்தார்? தேவசேனாபதியா வேலோட வரல. வேடனா வந்தார், வேங்கை மரமா நின்னார், கடைசியில தள்ளாடுற கிழவரா வந்து "பசிக்குது"ன்னார். வள்ளி தேனும் தினைமாவும் கொடுத்தா. சாப்பிட்டுட்டு "தாகமா இருக்கு"ன்னார், சுனைக்குக் கூட்டிட்டுப் போனா. வேட்டையாடி, தோல் உரிக்கிற குடியில வளர்ந்த பொண்ணு கையால வாங்கித்தான் சுப்பிரமணியர் சாப்பிட்டார். அந்தக் கை என்ன கைன்னு அவர் பார்க்கல. நான் பார்த்தேன்.

மேல, திருப்புகழை ஊர் ஊரா பாடிப் பரப்பின வள்ளிமலை சுவாமிகளோட ஆசிரமம் இருக்கு. அவரும் மைசூர் அரண்மனையில சமையல் வேலை பார்த்தவர்தான். அங்க உட்கார்ந்திருக்கும்போது கீழே இருந்து காவடிக்கு முன்னாடி அடிக்கிற பம்பைச் சத்தம் கேட்டது. பம்பையும் தோல். சாமி முன்னாடி வாசிக்கிற மத்தளமும் தோல். என் இடுப்புல இருந்த பெல்ட்டும் தோல்தான், அது கூட அப்பதான் உறைச்சது. செத்த மாட்டுத் தோல் நமக்கு வேணும், அதைப் பதப்படுத்துறவர் கைத்தண்ணி மட்டும் ஆகாதா?

சாமிகிட்ட எதுவும் வேண்டிக்கல. வேண்ட வாய் வரல.

திரும்பும்போது அதே பங்க்சர் கடையில நிறுத்தினேன். "அவரா? ஷிஃப்ட் முடிஞ்சு ஆறு மணிக்கு இந்தப் பக்கம்தான் வருவாரு"ன்னாங்க. ரெண்டு மணி நேரம் அங்கயே உட்கார்ந்திருந்தேன். வந்தார். "என்ன சாமி, மறுபடியும் செயினா?"

விபூதிப் பொட்டலத்தைக் கொடுத்தேன். "அண்ணா, குடிக்கத் தண்ணி இருக்கா?"ன்னு கேட்டேன்.

என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "விரதம் முடிஞ்சுதா?"

"இல்லண்ணா, மாலை இன்னும் கழுத்துலதான் இருக்கு."

பாட்டில்ல பாதிதான் இருந்தது. மொத்தத்தையும் குடிச்சிட்டேன்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!