முகவரிச் சான்று

ஸ்ரீரங்கத்தில் பூக்கட்டி விற்கும் பெண் ஒருத்தி, தன் நான்கு வயது மகளுக்கு இடமில்லை என்று ஒரு நர்சரி பள்ளி கொடுத்த தாளை என்னிடம் நீட்டினாள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 விழுக்காடு இடங்களை நலிந்த பிரிவுக் குழந்தைகளுக்குத் தர வேண்டும். தமிழ்நாட்டில் அதற்கு வீடு ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். தாளில் காரணம் ஒரே வரிதான்: ரேஷன் கார்டு முகவரி லால்குடி.

கார்டு கணவன் வீட்டில் இருக்கிறது. அவள் அம்மா வீட்டுக்கு வந்து இரண்டு வருடமாகிறது. அங்கே வாசலில் நின்றால் அந்தப் பள்ளியின் மணி கேட்கும்.

வயதுச் சான்று இல்லை என்பதற்காக இடம் மறுக்கக் கூடாது என்று அதே சட்டத்தின் 14-ஆம் பிரிவு சொல்கிறது. முகவரிக்கு அப்படியொரு வரி இல்லை. பெண்ணுக்குப் பிறந்த வீடு, புகுந்த வீடு என்று இரண்டு சொற்கள் வைத்திருக்கிறோம். அவள் இருக்கும் வீட்டுக்குச் சொல் இல்லை. இத்தனை வருடம் தமிழ் கற்பித்தும் அன்றைக்குத்தான் எனக்கு அது உறைத்தது.

மேல்முறையீட்டு மனுவை நானே எழுதினேன். அடி, உதை, குழந்தையைத் தூக்கிக்கொண்டு இரவில் கொள்ளிடம் பாலத்தைக் கடந்தது எல்லாவற்றையும் எழுதி, வாசித்தும் காட்டினேன்.

"இதை யாரு படிப்பாங்கக்கா?"

"அதிகாரிங்க. பள்ளிக்கூடத்துக்கும் நகல் போகும்."

"அப்ப வேணாம். அடி வாங்கின கதையச் சொல்லித்தான் சீட்டு வாங்கணுமா? நாளைக்கு இவ அங்கதானே படிக்கணும்."

வாதாடினேன். மௌனம் அடித்தவனைத்தான் காப்பாற்றும் என்று மேடைகளில் பேசியிருக்கிறேன், இப்போதும் நம்புகிறேன். ஆனால் தானாக முன்வந்து பேசுவது வேறு, சலுகைக்குக் கட்டணமாகப் பேசவைப்பது வேறு. மாற்றலாகி வந்த ஆண், 'பணி நிமித்தம்' என்ற இரண்டு சொல்லில் முடித்துவிடுவார். யாரும் மேலே கேட்கமாட்டார்கள். இவளிடம் மட்டும் ஏன் கதை கேட்கிறோம்? அலுவலகம்கூடக் கேட்கவில்லை. கேட்டது நான். அந்த மனுவில் சில வரிகள் நன்றாக வந்திருந்தன என்பதும் ஒரு காரணம்.

இரண்டாம் மனு நான்கே வரி. குழந்தை இந்தத் தெருவில் வசிக்கிறாள். அங்கன்வாடிப் பதிவேடும் தடுப்பூசி அட்டையும் சாட்சி. கீழே தாயின் கையெழுத்து மட்டும். இத்தகைய புகாரை மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்கிறது 32-ஆம் பிரிவு. அதன் பிறகு மாநிலக் குழந்தைகள் உரிமை ஆணையத்துக்குப் போகலாம். பள்ளி திறப்பது ஜூனில். மூன்று மாதம் என்றால் காலாண்டுத் தேர்வே வந்துவிடும்.

ஆகஸ்ட்டில் பதில் வந்தது. முகவரி ஏற்கப்பட்டது, ஆனால் குலுக்கல் முடிந்து இடங்கள் நிரம்பிவிட்டன. அவள் ஆணையம் வரை போகவில்லை. மகள் இப்போது மாநகராட்சிப் பள்ளியில் படிக்கிறாள். அந்த டீச்சரை இருவருக்கும் பிடித்திருக்கிறது.

"அந்த மொத மனுவக் கிழிச்சிடுங்கக்கா" என்று சொல்லிவிட்டுத்தான் அன்றைக்குப் போனாள். கிழித்தேன். கணினியில் ஒரு பிரதி இருந்தது. அதை அழிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது.